படுத்த நாளுக்குக் கூலி யார் தருவது?

பெட்டியில் காப்பீட்டு அட்டை பத்திரமாக இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. மாத்திரை இலவசம். 108 வண்டி இலவசம். பிறகு ஏன் நம் தெருக்களில் ஒருவர் படுத்து எழுந்தால் அந்தக் குடும்பம் கடனில் விழுகிறது? அக்கறையோடு இதைக் கேட்பவர்கள் உண்டு. "எல்லாத்தையும் சும்மா குடுத்தும் இவங்க முன்னேறல" என்று டீக்கடையில் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களும் உண்டு. குடித்தே அழிக்கிறார்கள் என்பது அவர்களின் அடுத்த வரி. குடிக்காத வீட்டிலும் இந்தக் கடன் இருக்கிறதே, அது எப்படி என்று அவர்கள் யோசிப்பதில்லை. நாமாவது யோசிக்க வேண்டும்.

திருவாரூர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர் பட்டியல் சாதியினர். திருவாரூரில் 34 பேர். மாநிலத்திலேயே இதுதான் அதிக விகிதம். இவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் இல்லை. இருந்தாலும் பேருக்கு ஒரு துண்டு. உடம்புதான் கையிலிருக்கும் முதல். அந்த முதலில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உண்மையான குடும்பம் அல்ல; உங்கள் ஊர்க் கூலியை வைத்துத் தொகைகளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கணவர் மூட்டை தூக்குகிறார், வரப்பு வெட்டுகிறார், கிடைத்த வேலையைச் செய்கிறார். நாள் கூலி 600 ரூபாய், வாரத்தில் நான்கு நாள் வேலை. மனைவி நடவு, களை என்று போகிறார். அவருக்கு 300 ரூபாய், அதே நான்கு நாள். மூட்டை தூக்கித் தூக்கிக் கணவருக்குக் குடலிறக்கம் வந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. ஒரு ரூபாய் கட்டணம் இல்லை. "ஆறு வாரத்துக்குக் கனமான பொருள் எதையும் தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார்.

ஆறு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 600. போன கூலி 14,400 ரூபாய். கூட இருந்து பார்த்துக்கொள்ள மனைவி இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை, அது 2,400. பஸ், ஆட்டோ, வெளியே வாங்கிய சாப்பாடு, வெளியே எடுக்கச் சொன்ன ஒரு ஸ்கேன், தையல் பிரித்த பிறகு போய்வந்த நடை எல்லாம் சேர்த்து 3,200 என்று வைப்போம். மொத்தம் 20,000. சாப்பாடும் கரண்டும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் நிற்காது என்பதால் இந்த இருபதாயிரத்தை மூணு வட்டிக்கு வாங்குகிறார்கள். மாதம் 600 ரூபாய் வட்டி. ஒரு வருடம் முதலைக் கட்ட முடியாமல் போனால் வட்டி மட்டும் 7,200. மருத்துவமனைக் கணக்கில் இந்தக் குடும்பத்தின் செலவு பூஜ்யம். வீட்டுக் கணக்கில் 27,200.

அந்த 600 ரூபாய் வட்டி இருக்கிறதே, அது அவருடைய ஒரு நாள் கூலி. மாதத்தில் ஒரு நாள் அவர் கடன்காரருக்காக மூட்டை தூக்குகிறார். வட்டிக்குப் பயந்து ஆறு வாரம் இருக்காமல் மூன்றாவது வாரமே தூக்கப் போனால் குடல் மறுபடி இறங்கும் ஆபத்து. அப்போது முதலிலிருந்து எல்லாம் திரும்ப நடக்கும்.

ஆகவே நோய் நம் வீட்டுக்கு வரும்போது இரண்டு பில்லோடு வருகிறது. ஒன்று சிகிச்சைச் செலவு. இன்னொன்று படுத்த நாட்களின் கூலி. அரசுத் திட்டங்கள் முதல் பில்லைக் கட்டுகின்றன. அதில் உண்மையான முன்னேற்றம் நடந்திருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. 2018ல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று விரிந்தது. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுப்பது 2013-14ல் நூற்றுக்கு 64 ரூபாயாக இருந்தது. 2021-22ல் 39 ரூபாயாகக் குறைந்தது என்கிறது தேசியச் சுகாதாரக் கணக்கு.

இந்த 39 ரூபாயில் எது சேரும், எது சேராது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மருந்து, டாக்டர் கட்டணம், பரிசோதனை போன்றவை சேரும். படுத்த நாட்களின் கூலி சேராது. துணைக்கு இருந்த மனைவியின் கூலி சேராது. கடன் வட்டி சேராது. இன்னொன்றும் உண்டு. காசில்லை என்று ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் கிடந்தவரின் செலவு அந்தக் கணக்கில் பூஜ்யமாகத்தான் இருக்கும். செலவு குறைந்தது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்பதை அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. அனிருத் கிருஷ்ணா என்பவர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலும், கென்யா, உகாண்டா, பெரு போன்ற நாடுகளிலும் ஏறத்தாழ 35,000 குடும்பங்களின் கதையைத் தொகுத்தார். 2010ல் அது புத்தகமாக வந்தது. அவர் கையாண்ட முறை எளிமையானது. ஊர் மக்களை உட்காரவைத்து, ஒரு குடும்பம் வறுமையிலிருந்து மேலே வந்தால் முதலில் என்ன செய்யும், அடுத்து என்ன செய்யும் என்று கேட்டார். வயிறாரச் சாப்பிடும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும், கடனை அடைக்கும் என்று ஊரே ஒரு ஏணியைச் சொல்லியது. ஒவ்வொரு குடும்பமும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்த ஏணியில் எங்கே நின்றது, இன்று எங்கே நிற்கிறது, ஏன் என்று விசாரித்தார்கள்.

ஒரே ஊரில் சிலர் ஏறிக்கொண்டிருக்கும்போதே வேறு சிலர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வறுமை குறைந்தது என்று அரசு சொல்லும் எண் இந்த இரண்டின் கழித்தல் கணக்குத்தான். இறங்கியவர்களிடம் காரணம் கேட்டபோது எல்லா இடத்திலும் முன்னால் நின்றது நோயும் அதன் செலவும். சோம்பேறித்தனமும் குடியும் மேல்தட்டில் இருப்பவர்களின் பேச்சில்தான் பெரிய காரணங்கள். விழுந்த குடும்பங்களின் கதையில் அவற்றின் இடம் சிறியது. டீக்கடைத் தீர்ப்புக்கு நாம் கையில் எடுத்துப் போக வேண்டிய பதில் இது.

சரி, காப்பீடு கொடுத்தால் விழுவது நிற்குமா? கர்நாடகத்தில் குல்பர்கா, மைசூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 11,000 குடும்பங்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 2008ல் தொடங்கிய ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா என்ற மருத்துவமனைக் காப்பீட்டைச் சில குடும்பங்களுக்கு இலவசமாகவும், சிலருக்குப் பணம் வாங்கிக்கொண்டும் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. யாருக்கு எது என்பது குலுக்கல். இப்படிக் குலுக்கிப் பிரித்தால்தான், வித்தியாசம் காப்பீட்டால் வந்ததா, வேறு எதனாலோ வந்ததா என்று தெரியும். இலவசமாகக் கொடுத்தபோது பெரும்பாலோர் சேர்ந்தார்கள், மருத்துவமனைக்குப் போவதும் கூடியது. ஆனால் அட்டையைக் கொண்டுபோயும் பயன்படுத்த முடியாமல் திரும்பியவர்கள் நிறையப் பேர். எந்த மருத்துவமனையில் செல்லும், எப்படிக் கேட்பது என்று தெரியாதவர்களும் நிறையப் பேர். உடல்நலத்தில் அளந்து காட்டும்படியான முன்னேற்றம் ஏறத்தாழ எதுவும் தென்படவில்லை.

இதை வைத்துக் காப்பீடே வீண் என்று சொல்வது தவறு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்து வந்தவர் நம் தெருவிலும் இருக்கிறார். ஆய்வு சொல்வது, அட்டை மட்டும் போதாது என்பதை. அந்தப் பழைய திட்டத்தில் ஒரு சின்ன விஷயம் நல்லதாக இருந்தது: மருத்துவமனைக்கு வந்துபோக ஒரு முறைக்கு 100 ரூபாய் பயணப்படி தந்தார்கள். ஏழைக்குச் சிகிச்சையைத் தாண்டியும் செலவு உண்டு என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பஸ் டிக்கெட்டோடு நின்றுவிட்டார்கள்.

கைமாற்று வாங்கிச் சமாளிக்கலாமே என்று கேட்கலாம். இந்தியக் கிராமங்களில் சொந்தச் சாதிக்குள் கொடுத்து வாங்கும் உதவி ஒருவகைக் காப்பீடாகவே இயங்குகிறது என்று கைவான் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் என்ற பொருளாதார அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால், பயிர் போனால், ஆள் படுத்தால் சொந்தக்காரர் தாங்குவார். நிலமும் கடையும் சம்பளக்காரரும் உள்ள சாதிக்கு இது வேலை செய்யும். நம் தெருவில் அண்ணனுக்கு வேலை இல்லாத மாதத்தில் தம்பிக்கும் வேலை இருக்காது, சித்தப்பாவுக்கும் இருக்காது. எல்லோருடைய கையும் ஒரே மாதத்தில் காலியாக இருக்கிறபோது யார் யாரிடம் கைமாற்று வாங்குவது? அதனால்தான் தண்டல்காரரும் வாரக் குழுக்கடன் வசூலிப்பவரும் நம் தெருவுக்கு இத்தனை முறை வருகிறார்கள்.

இந்த இடத்தில் எண்கள் பற்றி ஒரு சுயவிமர்சனம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. "தலித் பெண்கள் மற்ற சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள்" என்ற வாசகத்தை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். 2018ல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை வழியாக இது பரவியது. 39.5 வயது, 54.1 வயது என்ற இரண்டு எண்களின் வித்தியாசம் அது. ஆனால் அவை இறந்தவர்களின் சராசரி வயது. ஆயுள் எதிர்பார்ப்பு என்பது வேறு.

வித்தியாசம் என்ன? இரண்டு ஊர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே சாப்பாடு, ஒவ்வொரு வயதிலும் சாவு விகிதம் ஒன்றுதான். முதல் ஊரில் குழந்தைகளும் இளைஞர்களும் அதிகம். இரண்டாவது ஊரில் கிழவர்கள் அதிகம். ஒரு வருடத்தில் இறந்தவர்களின் வயதைக் கூட்டிச் சராசரி எடுத்தால் முதல் ஊரின் எண் குறைவாகத்தான் வரும். அங்கே சாக முதியவர்களே குறைவு. சராசரியைப் பார்த்து முதல் ஊரில் ஆயுள் குறைவு என்று சொன்னால் தப்பு. பிறப்பு விகிதம் வேறுபடும் இரண்டு சமூகங்களை ஒப்பிடும்போதும் இதே சிக்கல் வரும். நம் எண்ணில் இருக்கும் ஓட்டையை எதிராளி கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் நாமே சரிசெய்துகொள்வது நல்லது.

சரியான கணக்கு என்ன சொல்கிறது? சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2022ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், ஒடிசா, அசாம் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் 2 கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல்களை வைத்து ஆயுள் எதிர்பார்ப்பை முறைப்படி கணக்கிட்டார்கள். உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. பழங்குடியினரின் ஆயுள் 4 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. முஸ்லிம்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு குறைவு. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை.

பதினான்கைப் பார்த்த கண்ணுக்கு மூன்று சின்னதாகத் தெரியலாம். சின்னது அல்ல. ஒரு முழுச் சமூகத்தின் ஒவ்வொரு பிறப்பிலிருந்தும் சராசரியாக மூன்று ஆண்டைப் பிடுங்கிக்கொள்வது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டுரையில் நமக்கு இதைவிட முக்கியமான ஒரு வரி இருக்கிறது. குடும்பத்தின் பொருளாதார நிலையை ஒரே அளவில் வைத்து ஒப்பிட்டாலும் இடைவெளி மறையவில்லை. அந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவான பங்கைத்தான் வறுமை விளக்குகிறது. அதாவது ஒரே மாதிரி வசதியுள்ள இரண்டு வீடுகளில்கூடச் சாதி ஆயுளைத் தனியாகக் குறைக்கிறது. "இப்போதெல்லாம் எல்லாம் ஏழை, பணக்காரன்தான், சாதி எங்கே இருக்கிறது" என்பவர்களுக்கு இதற்குமேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது? ஊரில் தெரு எங்கே அமைந்திருக்கிறது, தண்ணீர்க் குழாய் எது, சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதையெல்லாம் தேட வேண்டும். மருத்துவப் பணியாளர் வாசல் தாண்டி வருகிறாரா என்பதையும் தேட வேண்டும். கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் செய்த தீண்டாமை ஆய்வு 2006ல் புத்தகமாக வந்தது. மூன்றில் ஒரு கிராமத்தில் அரசுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தார்கள் என்று அது பதிவு செய்தது.

தமிழ்நாட்டில் நிலைமை மாறியிருக்கிறது, மாறிய இடத்தைப் பாராட்டவும் வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அப்படி ஒன்று. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதே மாத்திரை இலவசம்தானே, வீட்டுக்கு ஏன் கொண்டுவர வேண்டும்? அங்கே வரிசையில் நின்று வாங்கினால் அன்றைய கூலி போய்விடும். காலை எட்டு மணிக்கு நடவுக்குப் போகிற அம்மாவுக்கு அந்த இலவச மாத்திரையின் விலை 300 ரூபாய். அதனால் மாத்திரையை விட்டார், பிரஷர் ஏறியது, பக்கவாதம் வந்தது. இது எந்தக் கூலிக்காரத் தெருவிலும் கேட்கக்கூடிய கதை. மாத்திரை வாங்கப் போகும் ஒரு நாள் கூலியைக் காப்பாற்றுவதால்தான் இந்தத் திட்டம் கூலி வீட்டுக்கு ஏற்றதாக இருக்கிறது. இரண்டாவது பில்லின் ஒரு சின்னத் துணுக்கை அரசு இங்கே கட்டிவிடுகிறது. அறுவைச் சிகிச்சையிலும் எலும்பு முறிவிலும் அந்தப் பில்லை யாரும் கட்டுவதில்லை.

யாரும் என்றால், நமக்கு யாரும் கட்டுவதில்லை. சிலருக்குக் கட்டுகிறார்கள். அரசு ஊழியருக்கு மருத்துவ விடுப்பு உண்டு, சம்பளத்தோடு. மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சந்தா கட்டிய தொழிலாளி நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நாளுக்கு 500 ரூபாய் வாங்கும் ஒரு மில் தொழிலாளி அதே குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு ஆறு வாரம் விடுப்பு எடுத்தால், காத்திருப்பு நாள் இரண்டு போக 40 நாளுக்கு, நாளுக்கு 350 வீதம் 14,000 ரூபாய் அவர் கணக்குக்கு வரும். மூட்டை தூக்கும் நம்மவர் இழந்தது 14,400. கிட்டத்தட்ட அதே தொகை. ஒருவருக்குச் சட்டப்படி வருகிறது. இன்னொருவர் அதையே மூணு வட்டிக்கு வாங்குகிறார்.

இந்த இ.எஸ்.ஐ.யின் வேர் எங்கே என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அண்ணல் அம்பேத்கர். தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீடு பற்றித் திட்டம் தயாரிக்க பேராசிரியர் அடார்கர் நியமிக்கப்பட்டது 1943ல், அவர் அறிக்கை தந்தது 1944ல். அந்த அறிக்கையின் அடிப்படையில்தான் 1948ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. அடார்கரிடம் கேட்கப்பட்டதே ஆலைத் தொழிலாளர்களைப் பற்றித்தான். வயலில் நின்றவர்கள் அன்று பட்டியலில் இல்லை. எண்பது ஆண்டு ஆகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் என்ற அளவுகோலைத்தான் பொதுவாக வைத்திருக்கிறது. நடவுக்குப் போகும் குழுவில் இருபது பேர் இருப்பார்கள். ஆனால் இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல். சட்டம் தேடும் முதலாளி யார்?

ஆகவே முதலாளியைத் தேடாமல் அரசே கட்டும் வழி வேண்டும். அது புதுமையான கோரிக்கை அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987ல் தொடங்கியது. 2006ல் அதை 6,000 ரூபாயாக உயர்த்தியபோது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, கர்ப்ப காலத்தில் பெண் இழக்கும் வருமானத்தை ஈடுகட்டுவது. பிறகு 12,000, 2018ல் 18,000 என்று உயர்ந்தது. இன்று அதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வருகிறது. காசநோய்க்குச் சிகிச்சை எடுப்பவருக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து 1,000. 2005ம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருந்தது. வேலையிடத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் கூலியில் பாதிக்குக் குறையாத தொகையை நாள்தோறும் தர வேண்டும் என்றது அது. நாட்களை 125 ஆக்குவதாகச் சொல்லி 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பக்கத்து ஆந்திரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2019 டிசம்பரில் அங்கே தொடங்கிய ஆரோக்ய ஆசரா திட்டத்தில், அரசுக் காப்பீட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் வீட்டில் ஓய்வெடுக்கும் நாட்களுக்கு நாளுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு 5,000 ரூபாய் வரை தருவதாக அறிவித்தார்கள். நம் கணக்கில் வரும் குடும்பத்துக்கு ஆறு வாரத்துக்கு அதிகபட்சம் 7,500 ரூபாய் கிடைத்திருக்கும். கடன் இருபதாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரத்து ஐந்நூறாக இறங்கியிருக்கும். திட்டம் என்பது ஆட்சி மாறினால் ஆட்டம் காணக்கூடியது. சட்டமாக இருந்தால்தான் நிற்கும். ஆனால் செய்ய முடியாத காரியம் அல்ல என்பதற்கு இது சாட்சி.

பணம் கொடுத்தால் வேலைக்குப் போகாமல் படுத்துக்கொள்வார்கள் என்று ஆட்சேபணை வரும். மில் தொழிலாளிக்கு டாக்டர் சான்றிதழ் போதும் என்றால் நமக்கும் அது போதும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரும் சீட்டில் நோயும் ஓய்வு நாளும் எழுதியிருக்கிறது. காப்பீட்டு அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அரசிடம் இருக்கின்றன. புதிதாக ஒரு அலுவலகம்கூடத் தேவையில்லை. கூலியில் பாதி, ஓய்வு நாள் முழுக்க, துணைக்கு இருப்பவருக்கும் சேர்த்து என்று கேட்போம். துணைக்கு இருப்பவர் என்றால் பெரும்பாலும் மனைவி, அல்லது பள்ளியை விட்டு நிற்கும் மகள். அவர்களை விட்டுவிட்டுப் போடும் கணக்கு அரைக் கணக்கு.

அதுவரை கையில் இருப்பதையாவது விடக் கூடாது. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களும் 18 வயது முதல் 65 வயது வரை உறுப்பினராகலாம். படிப்பு, திருமண, இறப்பு உதவிகளுக்காகத்தான் பலர் அந்த அட்டையைத் தேடுகிறார்கள். காசநோய், புற்றுநோய் போன்ற சில கடும் நோய்களில் வேலை செய்ய முடியாத காலத்துக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற பிரிவும் அதில் உண்டு. தொகை சிறியதுதான். ஆனாலும் அது மூணு வட்டிக் கடனில் முப்பதாயிரத்துக்கும் மேலான தொகையின் மாத வட்டி. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடமும், வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடமும் கேளுங்கள். "அதெல்லாம் இப்போ இல்லை" என்று சொன்னால் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கல்லூரி போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அனிருத் கிருஷ்ணா செய்ததை நம் தெருவிலும் செய்யலாம். ஒரு நோட்டு போதும். இருபது வீடு. கடந்த இரண்டு ஆண்டில் யார் படுத்தார்கள், எத்தனை நாள், துணைக்கு யார் எத்தனை நாள் நின்றார்கள், அந்த நாட்களில் வேலை இருந்ததா, என்ன கூலி, கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி, மிச்சம் எவ்வளவு, டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே வேலைக்குப் போனாரா என்று கேளுங்கள். மருத்துவமனைக்குப் போகாமலே இருந்தவரிடம் ஏன் என்றும் கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம், வீட்டுக்கு ஒரு எண் போட்டால் போதும்; கடன் விஷயம், யாருக்கும் தலைகுனிவு வரக் கூடாது. அம்மாக்களிடம் தனியாகக் கேளுங்கள். வட்டிக் கணக்கு அப்பாக்களைவிட அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

இருபது வீட்டின் கூட்டுத்தொகையை ஒரு தாளில் எழுதி, தொழிலாளர் தினமான மே 1 கிராம சபையில் படியுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றினார்களா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்றை நமக்கும் அனுப்பினால் இந்தப் பத்தியில் வெளியிடுகிறோம்.